பழைய மேனர் வீட்டின் வரலாறு தேடப் போகிறீர்களா? எந்தக் காகிதம், எங்கே, என்ன செலவு

இங்கிலாந்துக் கிராமத்தில் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் பெரிய பழைய வீட்டைப் பார்த்துவிட்டு, யார் கட்டியது, எப்போது என்று தேடத் தொடங்குகிறவர்கள் பலர் நேராக 1086இன் நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டைத் திறக்கிறார்கள். அதில் ஊர்ப்பெயர் இருக்கும், எத்தனை ஏர் என்ற கணக்கு இருக்கும், மாவரைக்கும் ஆலை இருக்கும். நீங்கள் பார்த்த வீடு இருக்காது. அது அநேகமாக அந்த ஏட்டுக்கு முந்நூறு, ஐந்நூறு வருடம் பிந்திக் கட்டியது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேனர் என்பது வீடல்ல. ஒரு பிரபுவின் கையிலிருந்த நிலம், அந்த நிலத்துக் குடிகள் மேல் அவருக்கிருந்த உரிமை, அவர் நடத்திய நீதிமன்றம் எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். நம்மூரில் ஜமீன் வேறு, ஜமீன் பங்களா வேறு என்பதைப் போல. எனவே நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மேனர் உரிமை யாரிடம், வீடு யாருக்குச் சொந்தம், வீட்டில் யார் குடியிருந்தார்கள், கட்டடத்தில் என்ன வேலை நடந்தது. கிடைக்கும் ஒவ்வொரு தகவலும் இதில் ஒரே ஒரு பத்தியில்தான் போக வேண்டும்.

வார்விக்‌ஷையரில் உள்ள பேட்ஸ்லி கிளின்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அகழி சூழ்ந்த அந்த வீடு அன்று ஃபெரர்ஸ் குடும்பத்துக்குச் சொந்தம். 1591 அக்டோபரில் அரசு ஆட்கள் சோதனைக்கு வந்தபோது, அக்காலத்தில் தடைக்குள்ளாகியிருந்த கத்தோலிக்கப் பாதிரிகள் தரைக்கடியில் பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தில் தண்ணீரில் நின்று தப்பினார்கள். அன்று அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் வாக்ஸ் குடும்பத்துச் சகோதரிகள், வாடகைக்கு இருந்தார்கள். சொந்தக்காரர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் அந்த இரவே உங்கள் கண்ணில் படாது.

1. வீட்டில் உட்கார்ந்தபடி: செலவில்லாத இரண்டு மூன்று மாலைகள்

ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் வீட்டைத் தேடுங்கள். இலவசம். முதல் நிலை, இரண்டு-நட்சத்திர நிலை, இரண்டாம் நிலை என்று மூன்று தரம் உண்டு. பழைய பதிவுகள் பல ஒரே பத்தியில், வெளிப்புறத்தைப் பார்த்து எழுதியவை. கட்டடத்தை அடையாளம் காட்டுவதுதான் அவற்றின் வேலை. '16ஆம் நூற்றாண்டு, பின்னர் மாற்றங்கள்' என்று இருந்தால் அது கண்மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹெரிடேஜ் கேட்வே தளம். கவுன்டிகளின் (நம்மூர் மாவட்டம் போன்றவை) தொல்லியல் பதிவேடுகள் பலவற்றை அங்கே சேர்த்துத் தேடலாம். அதன்பின் பலர் தவறவிடும் ஓர் இடம்: உள்ளூர்க் கவுன்சிலின் கட்டட அனுமதிப் பக்கம். பட்டியலிட்ட வீட்டில் சமையலறையை நீட்டிக்க வேண்டுமென்றாலும் உரிமையாளர் ஒரு பாரம்பரிய அறிக்கை கொடுக்க வேண்டும். காசு கொடுத்து நிபுணரை வைத்து எழுதிய அந்த அறிக்கையில், எந்தச் சுவர் எந்தக் காலம் என்று வண்ணமிட்ட தரைப்படமே சில நேரம் கிடைக்கும். முகவரியைப் போட்டுத் தேடினால் உங்களுக்கு இலவசம். பழைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. கவுன்சிலுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

1899இல் தொடங்கிய விக்டோரியா கவுன்டி வரலாற்றில் உங்கள் ஊர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல தொகுதிகளை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். மேனர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வம்சாவளி அதில் வரிசையாக இருக்கும். ஆனால் எல்லாக் கவுன்டியும் முடியவில்லை. பழைய தொகுதிகளுக்குப் பிரபுக்கள் மேல்தான் கண். வீட்டைப் பற்றி நாலு வரி, குடியிருந்தவரைப் பற்றி ஒன்றுமில்லை. அடிக்குறிப்புகளைத்தான் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறியீடும் நீங்கள் பின்னால் கேட்டு வாங்கப் போகும் ஒரு மூல ஆவணம்.

2. நிலப்பதிவு: 7 பவுண்டு, அதற்குமேல் கொடுக்காதீர்கள்

எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் உரிமைப் பதிவேட்டு நகல் 7 பவுண்டு, எல்லைப்படம் இன்னொரு 7 பவுண்டு (2024 டிசம்பர் முதல் இந்தக் கட்டணம்). இரண்டும் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்கள் இதே காகிதத்துக்குப் பல மடங்கு வாங்குகின்றன. அரசு முகவரிதானா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

நம்மூர் வில்லங்கச் சான்று போல முப்பது வருடக் கைமாற்றம் இதில் வராது. இன்றைய உரிமையாளர், கடன், உரிமைக் கட்டுப்பாடுகள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது கட்டுப்பாட்டுப் பகுதியை. '1921ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் இன்னார் இன்னாருக்கு' என்று ஒரு பழைய பத்திரத்தின் பெயரும் தேதியும் அங்கே ஒளிந்திருக்கும்.

தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்பீர்கள். 1925 சட்டம் முப்பது வருட உரிமைச் சங்கிலி காட்டினால் போதும் என்றது, 1969 சட்டம் அதைப் பதினைந்தாகக் குறைத்தது. கட்டுக்கட்டான ஆட்டுத்தோல் பத்திரங்களுக்கு வக்கீல் அலுவலகத்தில் வேலை இல்லாமல் போயிற்று. சில கவுன்டிக் காப்பகத்துக்குப் போயின, சில குப்பைக்கு, சில விளக்குநிழல் செய்கிறவர்கள் கைக்கு. மொத்தமாக ஒரே குடும்பத்தின் கையில் தங்கிவிட்ட நிலம் இன்னும் பதிவுக்கே வராமலும் இருக்கலாம். இங்கிலாந்து முழுவதும் கட்டாயப் பதிவு வந்ததே 1990 டிசம்பரில்தான். அதுவும் அப்போது விற்றால்தான்.

3. வரைபடங்கள்: பின்னோக்கி நடங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம்தான் இங்கிலாந்துக்கும் சிறந்த இடம். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வேயின் பழைய படங்கள், ஒரு மைலுக்கு 25 அங்குலம், 6 அங்குலம் என்ற அளவில் வரைந்தவை, இலவசம். இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பெயரைக் கவனியுங்கள். இன்று மேனர் என்று பலகை தொங்கும் வீடு 1880களின் படத்தில் 'லோயர் ஃபார்ம்' என்று இருந்தால் உங்கள் தேடல் திசை மாற வேண்டும். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் குத்தகைக்கு எடுத்த கெல்ம்ஸ்காட் மேனர்கூட டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய வீடுதான். மேனர் என்ற பட்டம் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டியது.

அதற்கு முன்னால் தசமபாக வரைபடம். 1836 சட்டத்தின்படி, விளைச்சலில் பத்திலொரு பங்காகத் தேவாலயத்துக்குப் போனதைப் பணவரியாக மாற்ற எடுத்த அளவை இது. படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நம்மூர் சர்வே எண்போல ஓர் எண். கூடவே ஒரு பட்டியல்: நிலச் சொந்தக்காரர், அனுபவிப்பவர், நிலத்தின் பெயர், பயிர், பரப்பு. சொந்தக்காரரும் குடியிருப்பவரும் தனித்தனிக் கட்டத்தில் வருவதால் நம் நோட்டின் இரண்டு பத்தி ஒரே நாளில் நிரம்பும். பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்.

குடியிருப்பு வீட்டுக்குச் சிவப்பு, தொழுவத்துக்குச் சாம்பல் நிறம் பூசுவது பல படங்களில் வழக்கம். வீட்டின் வடிவத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். சிறுபான்மைப் படங்களே துல்லியத்துக்கான முதல்தரச் சான்று பெற்றவை. தேசிய ஆவணக் காப்பகத்தில் பட்டியல் ஐ.ஆர். 29, படம் ஐ.ஆர். 30 வரிசையில். ஊருக்கும் மறைமாவட்டத்துக்கும் போன பிரதிகள் பெரும்பாலும் கவுன்டிக் காப்பகத்தில் இருக்கும், அதையும் கேளுங்கள். நடு இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் ஊர்கள் பலவற்றுக்கு தசமபாகப் படமே இல்லை. அங்கே பொதுநிலத்தை அடைத்துப் பிரித்தபோதே தசமபாகக் கணக்கும் தீர்ந்துவிட்டது. அந்த ஊர்களுக்கு அடைப்புத் தீர்ப்பும் அதன் படமும்தான் வழி.

1910இலிருந்து 1915 வரை நடந்த நிலமதிப்பு அளவையைப் புதியவர்கள் தொடுவதே இல்லை. ஐ.ஆர். 58 களக் குறிப்பேட்டில் வீட்டின் அறைகள், பழுது, மதிப்பு எல்லாம் மதிப்பீட்டாளர் கையெழுத்தில் கிடைக்கும். முதலில் அதற்குரிய வரைபடத்தில் வீட்டின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் குறிப்பேடு. இரண்டு தனி ஆவணங்கள், ஆகவே அரைநாள் ஒதுக்குங்கள்.

4. குடியிருந்தவர்கள்

மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் 1921 வரை பார்க்கலாம். 1931 ஏடுகள் தீயில் போயின, 1941இல் எடுக்கவில்லை. இடையில், போர் தொடங்கியபோது எடுத்த 1939 பதிவேடு கைகொடுக்கும். கட்டணத் தளங்களுக்குச் சந்தா கட்டுமுன் உங்கள் பொது நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களின் கணினியில் இவை இலவசம். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் அப்படித்தான்.

கணக்கில் வருவது அந்த ஒரு இரவு அங்கே படுத்தவர்கள் மட்டும். துரை லண்டனில் இருந்தால் ஏட்டில் சமையல்காரியும் தோட்டக்காரனும்தான் இருப்பார்கள். 'வேலைக்காரர்கள் வீட்டை ஆக்கிரமித்தார்கள்' என்று கதை கட்டிவிடாதீர்கள். 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள்.

அதற்கு முன்னால் 1662 முதல் 1689 வரை அடுப்பு வரி. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். பட்டியலில் வீட்டின் பெயர் இருக்காது, ஆள் பெயரும் அடுப்பு எண்ணிக்கையும்தான். ஊரிலேயே அதிக அடுப்பு யாருக்கோ அவர் வீடுதான் மேனர் வீடு என்று பாய்வது வழக்கமான தவறு. பாதிரியார் வீடும் பெரிதாக இருந்திருக்கலாம். உயிலோடு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டின் உள்ளே நுழைய வேண்டுமென்றால் சொத்துப் பட்டியலைத் தேடுங்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் அறை அறையாக நடந்து எண்ணி எழுதியது. ஹாலில் மேசை, மேல்மாடத்தில் இறகு மெத்தை, மதுக்கிடங்கில் பீப்பாய், கோதுமைக் களஞ்சியத்தில் இத்தனை மூட்டை. எழுதியவர்கள் நடந்த வரிசையை ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால் அன்றைய தரைப்படம் ஓரளவு தெரிந்துவிடும். காலி அறையை அவர்கள் எழுதவில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

5. மேனர் ஆவணங்கள்: எதில் வீடு இருக்கும், எதில் இருக்காது

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் மேனர் ஆவணப் பதிவேடு என்று தனியாக ஒன்று உண்டு. எந்த மேனரின் எந்த வருட ஏடு எந்தக் காப்பகத்தில் என்று சொல்லும். ஏட்டின் உள்ளடக்கம் அதில் இல்லை. மேனர் பெயரில் தேடாமல் ஊர்ப் பெயரில் தேடுங்கள். ஒரு ஊரில் மூன்று மேனர் இருக்கலாம், ஒரு மேனர் நான்கு ஊரில் பரந்திருக்கலாம், எழுத்துக்கூட்டலோ நூற்றாண்டுக்கு ஒன்று.

காப்பகம் பக்கத்துக் கவுன்டியில்தான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பிரபு எங்கே வாழ்ந்தாரோ காகிதமும் அங்கே போகும். கென்ட் மேனரின் ஏடு ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரியில் கிடைக்கலாம், அந்தக் கல்லூரிதான் மேனருக்குச் சொந்தக்காரர் என்றால். ஃபெரர்ஸ் குடும்பக் காகிதங்களும் வார்விக்கின் கவுன்டிக் காப்பகத்தில் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன.

நீதிமன்றச் சுருள்களைக் கண்டதும் பரவசப்படுவீர்கள். மாதக்கணக்கில் படித்தும் மேனர் வீட்டைப் பற்றி ஒரு வரி வராது. காரணம் எளிது. அந்த நீதிமன்றம் குடிகளின் நிலக் கைமாற்றத்தைப் பதிந்தது: ஒருவர் நிலத்தைப் பிரபுவிடம் ஒப்படைப்பார், அடுத்தவர் பணம் கட்டி ஏற்பார், சுருளில் எழுதியதன் நகலே அவருக்குப் பத்திரம். மேனர் வீடோ பிரபுவின் சொந்தப் பண்ணையில் இருக்கிறது. அது அந்த நீதிமன்றத்தின் வழியாகக் கைமாறவில்லை. சுருளின் தலைப்பில் வரும் பிரபுவின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு நகருங்கள். குத்தகைப் பட்டியல், நில அளவை விவரம், கணக்கரின் பழுதுபார்ப்புச் செலவுக் கணக்கு, இந்த மூன்றிலும்தான் வீடு வரும். கூரை ஓடு எத்தனை ஆயிரம், தச்சனுக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்கர் எழுதிவைத்திருப்பார்.

வீட்டின் கைமாற்றத்துக்கு வேறு தொடர்கள். நேரடியாக அரசரிடம் நிலம் பெற்றவர் இறந்தால் நடந்த விசாரணை ஆவணம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உண்டு. அதில் 'தலைமை மனை' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லைத் தேடுங்கள், அதுதான் மேனர் வீடு. 'ஆண்டு மதிப்பு ஏதுமில்லை, செலவுதான்' என்று இருந்தால் வீடு இடிந்தது என்று பொருளல்ல. வரி குறைக்கச் சொல்லும் வழக்கமான வாசகமாகவும் இருக்கலாம். நிலக் கைமாற்ற உடன்படிக்கைகள் 12ஆம் நூற்றாண்டு முதல் 1833 வரை சி.பி. 25 வரிசையில். 1858க்கு முன்னர் வசதியானவர்களின் உயில் கான்டர்பரி நீதிமன்றத்தில், ப்ரோப் 11 வரிசையில்.

'மேனரின் பிரபு' என்ற பட்டம் இன்றும் ஏலத்தில் விற்கிறது. வாங்கியவருக்கும் வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டியதில்லை. வரலாறு கேட்டு அவருக்குக் கடிதம் எழுதி ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள்.

6. காப்பகத்துக்குப் போகும் நாள்

கியூவில் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். இலவசம். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் மூலமாக. கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். ஞாயிறும் திங்களும் மூடல். கவுன்டிக் காப்பகங்களில் சில வாரத்தில் மூன்று நான்கு நாள்தான் திறக்கும், மதியம் பூட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. வெளிக்கிடங்கில் இருக்கும் ஆவணம் வந்துசேரப் பல நாளாகும். ஆகவே இரண்டு வாரம் முன்பே குறியீட்டு எண்களோடு மின்னஞ்சல் அனுப்பி, 'இது வாசிக்கத் தரும் நிலையில் இருக்கிறதா' என்றும் கேளுங்கள். பூஞ்சை பிடித்த சுருளைத் தர மாட்டார்கள்; அதை அங்கே போய்த் தெரிந்துகொண்டால் ரயில் கட்டணம் போச்சு.

பென்சில் மட்டும். பேனா, பை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் லாக்கருக்குள். கியூவில் உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கக் காசு இல்லை. கவுன்டிக் காப்பகங்கள் பலவற்றில் நாள் கட்டணம் உண்டு. ஒவ்வொரு ஆவணத்துக்கும் முதல் படம் அதன் குறியீட்டுச் சீட்டாக இருக்கட்டும். இருநூறு படம் எடுத்தபின் எது எதிலிருந்து என்று தெரியாமல் உட்காருவதுதான் எல்லாரும் செய்கிற தவறு.

7. படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

சட்ட ஆவணங்கள் 1733 வரை லத்தீனில், இடையில் 1650களில் மட்டும் ஆங்கிலம். எழுத்து ட்யூடர் கால எழுத்தர் கை. ஆங்கில எழுத்து 'ஈ'யும் 'ஆர்'உம் நமக்குத் தெரிந்த வடிவில் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இரண்டுக்கும் இலவசப் பாடம் இருக்கிறது. ஒரு மாதம் தினம் அரைமணி நேரம் கொடுத்துவிட்டுச் சுருளைத் தொடுங்கள்.

தேதிதான் அதிகம் கவிழ்க்கும். 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. '1640 பிப்ரவரி' என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1641. அரசர் ஆண்டுக் கணக்கும் வரும்: முதலாம் எலிசபெத்தின் 5ஆம் ஆண்டு என்றால் 1562 நவம்பர் 17 முதல் 1563 நவம்பர் 16 வரை. காசில் மார்க் என்று வந்தால் 13 ஷில்லிங் 4 பென்ஸ். அது நாணயமல்ல, கணக்குக்காக மட்டும் வைத்திருந்த அலகு. ரோமன் எண்ணில் நான்கின் தலைமேல் சிறிதாக இருபது எழுதியிருந்தால் எண்பது. பலகை, ஆடு, ஆணி எண்ணும்போது 'நூறு' என்பது சில நேரம் 120.

8. கட்டடத்தையே கேளுங்கள்

உரிமையாளர் அனுமதித்தால் முன்வாசலை விட்டுவிட்டு நேராகக் கூரைக்கடிக்கு ஏறுங்கள். முகப்பைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் மாற்றியது. 18ஆம் நூற்றாண்டு ஜார்ஜியன் பாணிச் செங்கல் முகத்துக்குப் பின்னால் 15ஆம் நூற்றாண்டு மரச்சட்டம் நிற்பது சாதாரணம். கைமரங்களில் டார்ச் அடியுங்கள். மரங்கள் கரியேறி, தொட்டால் விரலில் பளபளப்பான கறுப்பு ஒட்டினால், கீழே ஒரு காலத்தில் நடுக்கூடத்தில் திறந்த அடுப்பு எரிந்திருக்கிறது, புகைபோக்கியும் மாடியும் பின்னால் வந்தவை. எதற்கும் பொருந்தாத வெற்றுத் துளை மரத்தில் இருந்தால் அது வேறெங்கோ இருந்து வந்த மரமாக இருக்கலாம். வௌவால் இருந்தால் இறங்கிவிடுங்கள். அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

கதவுக்கு மேல் செதுக்கிய வருடம் கட்டிய வருடம்தான் என்று எழுதிவிடாதீர்கள். கல்யாணத்துக்கோ பழுதுபார்த்ததற்கோ செதுக்குவதும் வழக்கம்.

மரவளையக் கணிப்பு ஓக் மரத்துக்கு நன்றாகப் பலிக்கும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும். ஓக்கைப் பச்சையாகவே இழைத்ததால் ஓரிரு வருடத்துக்குள் கட்டடம். வெளிமரம் செதுக்கிப் போயிருந்தால் ஒரு கால இடைவெளிதான் சொல்ல முடியும். ஐம்பது வளையத்துக்குக் குறைந்த, வேகமாக வளர்ந்த மரம் பெரும்பாலும் உதவாது. மாதிரி துளைப்பதற்குப் பட்டியலிட்ட வீட்டில் அனுமதி தேவையா என்று கவுன்சிலின் பாதுகாப்பு அதிகாரியிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தால், செய்தவர் மேலும் செய்வித்தவர் மேலும் வழக்கு வரலாம்.

மரத்தின் வயது இடத்தின் வயதாகவும் இருக்க வேண்டியதில்லை. சசெக்ஸின் கிரேட் டிக்ஸ்டரில் 15ஆம் நூற்றாண்டுக் கூடத்தோடு, கென்டின் பெனென்டனில் பிரித்தெடுத்து வந்த இன்னொரு பழைய வீட்டைக் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் 1910களின் தொடக்கத்தில் இணைத்தார். பத்திரம் பார்க்காமல் மரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் அங்கேயே பிறந்தவை என்று எழுதிவிடுவீர்கள்.

9. வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒரு குடும்பம் திடீரென்று மேனரை வாங்கினாலோ புதுச் சிறகு கட்டினாலோ, கடல்கடந்த வருமானத்தைத் தேடுங்கள். கரீபியன் தோட்டப் பணமா என்று பார்க்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் அடிமைமுறை இழப்பீட்டுத் தரவுத்தளம் இலவசம். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணம் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். கார்ன்வாலில் பொக்கனாக் பண்ணையை 1717இல் வாங்கிய தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கே வாங்கிய வைரத்தைப் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு அவர் விற்றதும் அதே 1717தான்.

இப்படி ஒரு பெயர் உங்கள் பட்டியலில் வந்தால் தமிழ் வாசகருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனை ஏடுகளும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சான தொகுதிகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டையும் மாதத்தையும் முதலில் உறுதிசெய்துகொண்டு போங்கள். அந்த ஏடுகளிலும் மார்ச் 25 கணக்குத்தான்.